பச்சைக் களிம்பு

போன வாரம் ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு ரேடியோவை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மூன்று பேண்டு பிலிப்ஸ். தோல் உறை கிழிந்து, ஏரியல் பாதியில் ஒடிந்து கிடந்தது. "எங்க மாமியார் கேட்டுக்கிட்டிருந்தது. பழைய மாதிரி கணீர்னு வேணாம் தம்பி, பாடினாப் போதும்" என்றார். எனக்கு வயது அறுபத்தைந்து. வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதுகில் நாலு திருகாணி. நாலும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். இந்த ஊரில் திருகாணியோடு பலப்பரீட்சை செய்தால் தலைதான் மழுங்கும். திரும்பி வந்து திறந்தபோது வந்த வாசனை நாற்பத்தெட்டு வருடமாகப் பழகியது. பழைய மெழுகு, தூசி, செல் கசிந்த காரம், இவற்றுக்கெல்லாம் அடியில் கருவாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் வருமே, அந்த உப்பு வாடை. உள்ளே பார்த்தால் ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு நிறத்தில் தன் கதையைச் சொல்லும். செம்பு பச்சையாகும். அலுமினியம் வெள்ளையாகப் பொரியும். இரும்பு செம்மண்ணாக உதிரும். பேண்டு சுவிட்சில் இருக்கும் வெள்ளிப் பூச்சு கறுத்துப் போகும். மீட்டரைத் தொடாமலே பாதி நோய் தெரிந்துவிடும்.

ஏன் இப்படி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றில் வரும் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது இன்னும் பேராசைக்காரன். 33 சதவீதத்திலேயே ஆரம்பித்துவிடுவான். கோடியக்கரையில் காற்று அவ்வளவு காய்ந்து நான் பார்த்ததில்லை. ஆகவே பலகையில் படிந்த உப்புத் தூசி இங்கே ஒருநாளும் காயாது. அதன்மேல் பேட்டரியின் மின்சாரமும் சேர்ந்தால் முலாம் பூசும் தொட்டிதான். செம்புத் தடம் கரைந்து பச்சையாகப் பொங்கும். எப்போதும் பாசிட்டிவ் பக்கத்துத் தடம்தான் முதலில் அறும். பழுதைத் தேடும்போது நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தோப்புத்துறையில் கடை வைத்திருந்த பாய். 1976இல், 'அன்னக்கிளி' வந்த வருடம், பத்தாம் வகுப்பில் கணக்கில் விழுந்து அவர் கடையில் எழுந்தேன். அப்பா அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர். "உப்பில் நிற்காத வேலையாகப் பார்த்துக்கோ" என்று சொல்லித்தான் பாயிடம் ஒப்படைத்தார். பாவம், அவருக்குத் தெரியாது.

முதல் ஆறு மாதம் பாய் எனக்குச் சூட்டுக்கோலையே கொடுக்கவில்லை. கிழிந்த வேட்டித் துணி, பெயிண்டர் பிரஷ், ஒரு குப்பி ஸ்பிரிட். துடை, துடை, துடை. வால்வு ரேடியோக்கள் இன்னும் வீடுகளில் இருந்த காலம். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ். ஒரு நாள் பாயிடம் கேட்டேன்: "பாய், இந்தக் கிழட்டு வால்வு செட்டுங்க நல்லாத்தான் இருக்கு. புதுசா வந்த டிரான்சிஸ்டருங்கதான் சீக்கிரம் களிம்பு ஏறுது. ஏன்?" அவர் சிரித்துவிட்டு, பாடிக்கொண்டிருந்த ஒரு வால்வு செட்டின் முதுகுப்பக்கம் என் கையைப் பிடித்து நீட்டினார். அடுப்புப் பக்கம் நீட்டிய மாதிரி இருந்தது. "தெனம் ரெண்டு வேளை சூடாவுதுடா. ஈரம் எங்கேர்ந்து தங்கும்?" அதன் பிறகு கவனித்தேன். அன்றாடம் பாடிய வால்வு செட் இருபது வருடம் தாங்கியது. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம் என்று துணி போட்டு மூடி அலமாரியில் வைத்தது இரண்டே மழைக்காலத்தில் செத்தது. பின்னால் டிவி வந்தபோது, ஓடாத டிவிக்குள் இரவெல்லாம் ஒரு சீரோ வாட் பல்பை எரியவிடச் சொல்லி நான் வீடு வீடாகச் சொன்னதற்குப் பாயின் அந்தப் பாடம்தான் காரணம்.

இலங்கை வானொலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் யாரும் ரேடியோ பற்றிப் பேச முடியாது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்களைச் சொந்தக்காரர் பெயர்போல எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்வார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', ராத்திரி 'இரவின் மடியில்'. தமிழ்நாட்டில் மற்றவர்கள் சிற்றலையில் 25 மீட்டர், 41 மீட்டர் என்று முள்ளைத் திருகி, அலை வந்து வந்து போக, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். எங்களுக்கு அந்தப் பாடு இல்லை. மத்திய அலையிலேயே பட்டப்பகலில் பக்கத்து வீட்டுச் சத்தம்போல வரும். திருச்சி நிலையம் எங்களுக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர்தான். கொழும்போ 370 கிலோமீட்டர். இருந்தும் கொழும்புதான் கணீரென்று வந்தது.

பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்துத்தான் காரணம் புரிந்தது. பகலில் மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து வருகிறது. காய்ந்த மண் அதைக் குடித்துவிடும். கடல் நீரோ காய்ந்த மண்ணைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவது. அதன்மேல் அலை அதிகம் தேயாமல் நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு வரும். கடத்துவது வேறு யாருமில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. எந்த உப்பு என் மேசைக்கு வரும் ரேடியோக்களைத் தின்றதோ, அதே உப்புதான் அவற்றுக்குப் பாட்டையும் கொண்டுவந்து கொடுத்தது. இதைப் படித்த அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "ஒரு கையால கொடுத்து ஒரு கையால வாங்கிக்குது, உங்க சித்தப்பா மாதிரி" என்றாள். சித்தப்பா விவகாரம் வேறு கட்டுரைக்கானது.

இன்னொரு சங்கதி. டிரான்சிஸ்டருக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கும். அதுதான் மத்திய அலைக்கு ஏரியல். நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்கே அது கிடந்தால் சத்தம் கூடும், திசையைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றால் சத்தம் செத்துவிடும். எங்கள் ஊரில் ரேடியோ வைக்கும் பலகையைத் தெற்குச் சுவரிலோ வடக்குச் சுவரிலோதான் அடிப்பார்கள். கிழக்குச் சுவரில் அடித்தவன் இரண்டு நாளில் என்னிடம் வந்து "செட்டு சரியில்லண்ணே" என்பான். வாஸ்து மாதிரி ஆகிவிட்டது. பின்னால் மீனவர்களின் ஜிபிஎஸ் என் கைக்கு வந்தபோது வேடிக்கைக்காகப் பார்த்தேன். கோடியக்கரை 10 பாகை 17 கலை வடக்கு, 79 பாகை 50 கலை கிழக்கு. கொழும்பும் ஏறத்தாழ அதே 79 பாகை 50 கலைக் கோட்டில்தான் இருக்கிறது. நூல் பிடித்ததுபோல நேர் தெற்கு. எங்கள் கிழவிகள் இதை எந்தக் கருவியும் இல்லாமல் சுவரில் ஆணி அடித்தே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

கடிகாரத்தையும் அந்த நிலையத்தை வைத்தே திருத்தினோம், 1996 மே மாதம் வரை. அந்த மாதம் இலங்கை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். ரேடியோவை நம்பியே எழுந்த ஒரு பெரியவர், ஒருநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே பஸ் நிறுத்தத்தில் நின்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். 2006 ஏப்ரலில்தான் இரண்டு கரைக்கும் மறுபடி ஒரே நேரம் ஆனது. அதற்குள் பெரியவரும் இல்லை. அந்த ரேடியோவை நம்பி எழுகிறவர்களும் இல்லை.

டிவிக்கும் அதே திசைதான். இலங்கையில் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி எங்களுக்குப் புள்ளிப் புள்ளியாகக்கூட வராத காலம். வன்னியில் கொக்காவிலில் அவர்கள் நிறுத்திய கோபுரத்திலிருந்து கடல் தாண்டிப் படம் வந்தது. மூங்கிலையும் இரும்புக் குழாயையும் இணைத்து முப்பது அடிக்கு ஆன்டெனா, பட்டை ஒயர், பூஸ்டர். சிங்களம் ஒரு எழுத்து புரியாமல் முழு நாடகத்தையும் பார்த்து, யார் நல்லவள் யார் கெட்டவள் என்று திண்ணையில் சண்டை போட்டார்கள். அலுமினியக் கம்பியை இரும்பு போல்ட்டால் முடுக்கினால் இந்தக் காற்றில் மூன்றே மாதத்தில் இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். அதனால் எனக்கு வருமானம். காட்டிலிருந்து வரும் குரங்குகள் ஆன்டெனாவில் ஊஞ்சல் ஆடித் திசையைத் திருப்பிவிட்டுப் போகும். அதனாலும் வருமானம். 1990இல் போரில் கொக்காவில் கோபுரம் அழிந்தது. இங்கே திரைகளில் மணல் விழுந்தது. அந்த வாரம் மட்டும் பதினேழு பேர் "டிவி ரிப்பேர்" என்று வந்தார்கள். பழுது என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

ரேடியோ பழுதுபார்த்து மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்பதால் 1985 வாக்கில் மைக் செட்டும் வாங்கினேன். ஓர் அகுஜா ஆம்ப்ளிஃபையர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு பெட்டி இசைத்தட்டு. கல்யாணம், காதுகுத்து, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட வரும் கூட்டத்துக்கு அறிவிப்பு. காணாமல் போன பிள்ளைகளை அந்த மைக் எத்தனை பேரிடம் சேர்த்தது என்று கணக்கு வைத்திருந்தால் ஊராட்சியில் ஒரு சால்வையாவது போட்டிருப்பார்கள்.

கல்யாணக்காரர்களோடு எனக்கு ஒரே ஒரு தீராத வழக்கு உண்டு. நாதஸ்வரத்துக்கு மைக் எதற்கு? அது கோயில் வீதிக்காகப் பிறந்த வாத்தியம். வேதாரண்யம் வேதமூர்த்தி பிறந்து வாசித்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பெண் வீட்டார் விடமாட்டார்கள். மைக்கை சீவாளிக்கு அரை அடியில் வைத்து, தவிலுக்கு இன்னொன்று வைத்து, குழாயைத் தென்னை மரத்தில் கட்டினால் வருவது நாதஸ்வரமா? தகர டப்பா. யூனிட்டின் தகடு கிழிந்து போனதுதான் மிச்சம். கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். மைக்கை வைப்பேன், வால்யூமை மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். "இன்னிக்கு மைக் செட்டு அருமை" என்று மூன்று கல்யாணத்தில் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

வேதாரண்யம் கோயிலில் சரஸ்வதியின் கையில் வீணை கிடையாது. அம்பாளுக்கு யாழைப்பழித்த மொழியாள் என்று பெயர். அந்தக் குரலைக் கேட்ட பிறகு இனி எதற்கு என்று சரஸ்வதி வீணையைக் கீழே வைத்துவிட்டாள் என்பது ஐதீகம். கருவி விற்றுப் பிழைக்கிறவன் தினமும் கும்பிட வேண்டிய சரஸ்வதி இவள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

மைக் செட்டு எனக்குச் சோறு போட்டது, காதை வாங்கிக்கொண்டது. பெட்டி டிவி ஓடும்போது வினாடிக்கு 15,625 அதிர்வில் ஊசிபோல ஒரு சத்தம் உள்ளிருந்து வரும். படம் வராவிட்டாலும் அந்தக் கீச்சு கேட்டால் பாதி சர்க்யூட் உயிரோடிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். 1998இல் ஒரு நாள் ஒரு டிவியைப் போட்டுவிட்டு, "லைன் செத்துப்போச்சு" என்று பலகையைக் கழற்ற ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரின் பையன், எட்டு வயது இருக்கும், காதைப் பொத்திக்கொண்டு "கீன்னு கேக்குது மாமா" என்றான். திரும்பத் திரும்பப் போட்டு அணைத்தேன். அவன் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. லைன் சாகவில்லை. செத்தது என் காது.

அதற்கு முன்னால் அந்தக் காதை வைத்து ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் போட்டு ஆராய்ச்சி செய்வது உலகம் அறிந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பறவை ஆராய்ச்சிக்கென்று வந்திருந்த ஒரு மாணவர் கேசட் ரெக்கார்டருடன் கடைக்கு வந்தார். பதிவு செய்த குரல்கள் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கின்றன என்றார். அப்போது எனக்குக் கேசட்தான் முழுநேர வேலை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன்களுக்குப் பெல்ட் மாற்றுவது, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது, பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு அறுபது நிமிடக் கேசட்டில் பதினாலு பாட்டு அடக்குவது. (அது சட்டப்படி தப்பு என்று அப்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருப்போம்.)

அவர் ரெக்கார்டரில் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. அதைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியின் சுருள்வில் துருவில் தளர்ந்துவிட்டது. டேப் ஓடும் திசைக்கு ஹெட்டின் கீற்று சரியாகச் செங்குத்தாக நிற்காவிட்டால் கனமான சத்தம் எல்லாம் வரும், கீச்சுச் சத்தம் மட்டும் காணாமல் போகும். சினிமாப் பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. பறவைக் குரலில் மிச்சம் எதுவுமே இருக்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் வேறு இயந்திரத்தில் எடுத்த நல்ல பதிவைப் போட்டு, திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நகர்த்தினேன். ஓர் இடத்தில் திரை விலகியதுபோல ஓர் உள்ளான் குருவியின் குரல் காதுக்குள் வந்து இறங்கியது. கூடவே அலை, பின்னால் எங்கோ பூநாரைக் கூட்டத்தின் இரைச்சல். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் அந்தக் குருவியை அன்றைக்குத்தான் கேட்டேன். திருகாணிமேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து அடைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்தச் சுருதி இப்போது எனக்கு வராது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த வேலையை வேலை என்று சொல்ல மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் சாவு அதிகம். கோடியக்கரையில் நின்றிருந்த சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தையும் அந்த அலைதான் சாய்த்தது. பிழைத்த வீடுகளிலிருந்து டிவி, டேப், மிக்ஸி எல்லாம் வந்தன. என் கடை வாசலில் இரண்டு பெரிய அண்டாவில் நல்ல தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றையும் பிரித்துப் பலகையை அதில் முக்கிக் கழுவினேன். "கடல் தண்ணியில நனைஞ்சதைத் திரும்பவும் தண்ணியில போடுறாரே, மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா" என்று கூடிநின்று பார்த்தார்கள். பலர் வீட்டிலேயே வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். அவை பிழைக்கவில்லை. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. ஈரமாகவே கொண்டுவந்தவற்றில் பாதிக்கு மேல் தேறியது. செல்போனுக்கும் இதே விதிதான். கடலில் விழுந்தால் உடனே அணைத்து, பேட்டரி கழற்றுகிற மாதிரி இருந்தால் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி ஈரத்தோடேயே கொண்டு வாருங்கள். அரிசி மூட்டையில் புதைத்துக் கொண்டுவருகிறவர்களிடம், அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

ஐப்பசியிலிருந்து மாசி வரை நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மீனவர்கள் இங்கே கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அந்தச் சீசனில் என் மேசை முழுக்க அவர்கள் சாமான்தான். விஎச்எஃப் வயர்லெஸ், மீன் பார்க்கும் எக்கோ சவுண்டர், கையடக்க ஜிபிஎஸ். ஜிபிஎஸ் வந்த புதிதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு தம்பி கொண்டுவந்தான். செல் போடும் இடத்தில் களிம்பு ஏறி, விட்டு விட்டு எரிந்தது. "பாத்துச் செய்யிங்கண்ணே, பாயிண்டெல்லாம் அதுலதான் இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு அது இன்னொரு டிரான்சிஸ்டர். களிம்பைச் சுரண்டினேன், சுருள்வில்லை மாற்ற ஈயத்தை உருக்கினேன், சூடு கூடிவிட்டது போல. திரும்பப் போட்டபோது கருவி கடையில் வாங்கிய நாள்போலச் சுத்தமாக இருந்தது. உள்ளே ஒரு புள்ளியும் இல்லை. எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, எங்கே வலை மாட்டும், எந்த மாதம் எந்தத் துண்டில் மீன் படும் என்று அவனும் அவன் அண்ணனும் ஏழு வருடம் கடலில் சேர்த்து வைத்தது எல்லாம் அதில் இருந்தது. சாயங்காலம் வந்தான். சொன்னேன். கருவியைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். "சரிண்ணே, எங்கப்பா பாயிண்டு இல்லாமத்தானே போனாரு" என்று சொல்லிவிட்டு நடந்தான். கூலி கேட்கவில்லை நான், அவனும் மறுபடி என் கடைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து எந்த ஜிபிஎஸ் வந்தாலும் திருகாணியைத் தொடுவதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாப் புள்ளிகளையும் எழுதிவிடுவேன். பாகை, கலை, பெயர். 'பெரியப்பா பார்', 'கப்பல் செத்த இடம்', 'அஞ்சு பாகம் சேறு' என்று அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள். எல்லைக் கோட்டுப் பக்கத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் புள்ளிகளை இரண்டு முறை சரிபார்ப்பேன். பாக் நீரிணையில் கடல் எல்லை 1974இல் ஒப்பந்தத்தில் கிழிக்கப்பட்டது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது, அந்தச் சின்னத் திரையில்தான் தெரியும். ஒரு எண் தவறினால் ஆள் அந்தப் பக்கம் சிறையில் இருப்பான். அப்படி நிறைந்த நோட்டுகள் நான்கு இருக்கின்றன. பழுது முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து உரியவரிடமே கொடுத்துவிடுவேன், அதனால் நோட்டுகளில் இப்போது வெறும் கிழிந்த ஓரம்தான் இருக்கிறது. ஒருவன் கடல் இன்னொருவனுக்குத் தெரியக்கூடாது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. காலையில் பார்த்தால் தென்னை ஒன்றும் நிற்கவில்லை, கம்பம் நிற்கவில்லை, டவர் வேலை செய்யவில்லை. எல்லார் கையிலும் பெரிய செல்போன் இருந்தது, எல்லாமே கண்ணாடிச் சில்லு. சென்னையிலிருக்கும் மகனுக்கு நாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. கடையின் ஓட்டுக் கூரை பறந்து மேசை நனைந்து கிடந்தது. அலமாரியின் அடித்தட்டில் பாயின் ஞாபகமாக வைத்திருந்த பழைய இரண்டு பேண்டு செட் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. பைக் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்து, திருச்சி 936இல் வைத்து, இடிந்த திண்ணையில் நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் நாற்பது பேர். செய்தி, நிவாரண அறிவிப்பு, நடுவில் ஒரு பழைய பாட்டு. அந்தப் பாட்டுக்கு யாரும் எழுந்து போகவில்லை. "ரேடியோவெல்லாம் இப்ப யாரு கேக்குறா" என்று முந்தின மாதம் என்னிடம் சொன்ன பையன்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை அவனிடம். மனதுக்குள் கேட்டேன்.

இப்போது என் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்தான். மைக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மூன்றும் ஒரு புளியங்கொட்டைக்குள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட முதல் நாள் மனைவி வளையல் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டும் கேட்டது. சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது, நான் சொல்லவில்லை. வியர்வையில் இந்தக் கருவிக்கும் களிம்பு ஏறும். ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பியில் வைத்து மூடிவிட்டுத்தான் படுக்கிறேன். "டிவிக்குள்ள குண்டு பல்பு வச்ச ஆளுதானே" என்று சிரிக்கிறாள். பாட்டெல்லாம் இப்போது போனிலிருந்து நேராகக் காதுக்குள்ளேயே வருகிறது. உயரமான சத்தங்களைக் கருவி ஏதோ கணக்குப் போட்டுக் கீழே இறக்கித் தருகிறது. வயலின் வயலின்தானா என்று சில நாள் சந்தேகமாக இருக்கிறது. குறை சொல்ல எனக்கு வாயில்லை, நாதஸ்வரத்தைத் தகர டப்பா ஆக்கியவன்.

அந்த அம்மாவின் பிலிப்ஸுக்கு நாலு நாள் ஆயிற்று. ஃபெரைட் கம்பியில் சுற்றியிருக்கும் ஒயர் தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பின்னியது. அதில் பாதி இழைகளைக் களிம்பு தின்றிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுரண்டி, ஈயம் வைத்து, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். வால்யூம் கண்ட்ரோலில் கரகரப்பு இருக்கத்தான் செய்கிறது. பேண்டு சுவிட்சைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். முள்ளை நகர்த்தியபோது ஓரிடத்தில் மிருதங்கம் ஒன்று நடுவிலிருந்து ஆரம்பித்தது. நேற்று வந்து வாங்கிக்கொண்டார். பாடவிட்டுக் காட்டினேன். நின்றபடியே இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு செல்களை உருவி அவர் கையில் தனியாகக் கொடுத்து, கேட்கும்போது மட்டும் போடுங்கள், வாரத்துக்கு இரண்டு நாளாவது கேளுங்கள் என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். பரணில், அலமாரியில், தாத்தாவின் பெட்டியில் ஒரு ரேடியோவோ டார்ச்சோ டேப்போ கட்டாயம் இருக்கும். இன்றைக்கே அதன் முதுகைத் திறந்து செல்லைக் கழற்றிவிடுங்கள்.